மானம் மட்டும்தான் கப்பலேறணுமா?



‘மானம் கப்பலேறிடுச்சு’ என்று சொல்வது நம் தமிழ்நாட்டு வழக்கம். அரியர் விழுந்தால் மானம் கப்பலேறும். ஃபீஸ் கட்டப் பணம் இல்லாமல் ஆபீஸ் ரூம் வாசலில் நின்றால் மானம் கப்பலேறும். கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சந்தேகம். நம்ம பக்கத்திலிருந்து மானம் மட்டும்தான் கப்பலேறணுமா? நம் கைத்திறன் ஏறக் கூடாதா? அப்படி ஏறும்போது, ஏற்றி அனுப்புகிற இடத்தில் நம்மில் ஒருத்தர் நிற்கக் கூடாதா?

‘சர்வதேச வணிக மேலாளர்’ என்றதும் நமக்கு ஒரு படம் தோன்றும். கோட்டு, டை, விமான டிக்கெட், கண்ணாடி மாளிகை. “அதெல்லாம் எம்.பி.ஏ. படிச்சவன் சமாச்சாரம்ப்பா, நமக்கு எதுக்கு?” என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். தயவுசெய்து திருப்ப வேண்டாம். இந்தத் தொழிலின் செய்முறைத் திறமைகளில் பாதி, டிப்ளமோ மாணவனின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதியைப் புத்தகத்தில் படிக்க முடியாது, செய்துதான் பழக வேண்டும். அதைச் செய்து பழக நம் மாவட்டத்தைவிட நல்ல இடமும் கிடையாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

உலகம் வந்தது, போனது

எங்க ஊர் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து வேண்டிக்கொண்டு பிரகாரத்தைச் சுற்றுவார்கள். ஈ.சி.ஆரில் பஸ்ஸில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை இந்த ஊரில்தான் ‘டிஃபெக்ஸ்போ’ என்ற ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பல நாட்டுக் கம்பெனிகள் வந்து கடை விரித்தன. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். என் கண்ணில் பட்ட வரையில் எங்க ஊர்க்காரர்களுக்கு அதில் கிடைத்த வேலை என்ன? இளநீர் வெட்டினோம். வண்டி நிறுத்த இடம் காட்டினோம். சிலர் கார் ஓட்டினார்கள். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் உள்ளே மேஜை போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்களில் எங்க ஊர் முகம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022-ல் அங்கேயே 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உலகம் நம் வாசலுக்கு வருகிறது, போட்டோ எடுத்துக்கொள்கிறது, போய்விடுகிறது. நாம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

இது புதுக்கதை இல்லை

கடல் வாணிபம் நமக்கு அந்நியமானதா? எங்க ஊர்ப் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வாரே, கடல்மல்லையில் செல்வம் சுமந்து நின்ற கப்பல்களையும் பாடியிருக்கிறார். கடல்மல்லை என்றால் மாமல்லபுரம்தான். அங்கிருந்து தெற்கே போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை. நம் நெசவாளர்கள் நெய்த மஸ்லின் துணியை வாங்கிக் கப்பலேற்றத்தான் அவர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். தறியில் உட்கார்ந்தவர் நம்மவர். கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்தவர் டச்சுக்காரர். கோட்டையும் கல்லறையும் இன்றும் நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றவருக்கு ‘துபாஷி’ என்று பெயர். இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். அவர்களில் பெரிய பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் பிறந்து 1761-ல் மறைந்தவர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு துபாஷியாக இருந்தவர். அவர் எந்தப் பிசினஸ் ஸ்கூலிலும் படிக்கவில்லை. ஆனால் 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் என்ன பேசினார்கள் என்று எழுதி எழுதியே தொழிலைக் கையில் வைத்திருந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் அவர்தான் இன்டர்நேஷனல் பிசினஸ் மேனேஜர். பாஷை, கணக்கு, சரக்கைப் பற்றிய அறிவு, ஆளை எடைபோடும் புத்தி, விடாமல் குறித்து வைக்கும் பழக்கம் என இந்த ஐந்தும்தான் அவர் முதலீடு. எதை நம்மால் பழக முடியாது, சொல்லுங்கள்?

ஒரு பிள்ளையார் கப்பலேறுகிறார்

பொத்தாம் பொதுவாகப் பேசினால் புரியாது. நம் பக்கத்துச் சரக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம், மாமல்லபுரம் கற்சிலை. 1957-ல் அங்கே அரசு சிற்பக் கலைப் பயிற்சி தொடங்கியது, அது பிறகு கல்லூரியாக வளர்ந்தது. 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் அந்த ஊரைக் கற்சிற்ப நகரமாக அங்கீகரித்தது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் இருக்கிறது, திறமை இருக்கிறது, வெளிநாட்டில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

விடுமுறை நாட்களில் அங்கே பட்டறைகளில் உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். “இந்தச் சிலை எங்கேண்ணே போகுது?” என்று கேட்டால் பல பேர், “தெரியாது தம்பி, ஏஜென்ட் வந்து எடுத்துட்டுப் போவாரு” என்பார்கள். கல் தூசியைத் தின்கிறவருக்குக் கூலி கிடைக்கிறது, காகிதம் எழுதுகிறவருக்கு லாபம். இதில் ஏஜென்டைத் திட்டிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்த வேலை இவருக்குத் தெரியாது, அதற்குத்தான் அந்தக் காசு. அந்த வேலை என்ன என்று பார்ப்போம்.

வெளிநாட்டுக் கோயில் ஒன்று நான்கடிப் பிள்ளையார் கேட்டு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கடிதம். நான்கடி என்றால் பீடத்தோடு சேர்த்தா, பீடம் நீங்கலாகவா? ஸ்தபதி தாளக் கணக்கில், முகத்தை அளவாக வைத்துப் பேசுவார். வாங்குகிறவர் சென்டிமீட்டரில் பேசுவார். தேதி 03-04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரருக்கு மார்ச் 4. இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்துவதுதான் திறமை. அலங்கார ஆங்கிலம் வேண்டாம். சந்தேகத்துக்கு இடமில்லாத நாலு வரி போதும், கூடவே நம் கையால் போட்ட ஒரு டிராயிங். டிராயிங் போடுவதில் நம்மை யார் மிஞ்ச முடியும்?

அடுத்தது எடை. கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. ஒரு கன அடிக்குச் சுமார் 76 கிலோ. நான்கடி உயரம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி கனம் உள்ள கல் 12 கன அடி. ஆக 900 கிலோவுக்கு மேல். செதுக்கிய பிறகு 500 கிலோ நிற்கிறது என்று கொள்வோம், மரப்பெட்டி 80 கிலோ. மொத்தம் 0.58 டன். முழுக் கன்டெய்னர் எடுக்காமல், பலர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது கப்பல் கட்டணம் டன் கணக்கா, கன மீட்டர் கணக்கா என்றால், எது அதிகமோ அதற்கு! பெட்டியை ஐந்தடிக்கு மூன்றடிக்கு இரண்டரை அடி என்று தாராளமாக அடித்தால் 37.5 கன அடி, அதாவது 1.06 கன மீட்டர். கட்டணம் 1.06-க்கு. அதையே நாலரைக்கு இரண்டரைக்கு இரண்டு என்று கச்சிதமாக அடித்தால் 0.64 கன மீட்டர்தான். பெட்டியை ஒழுங்காக டிசைன் செய்ததிலேயே கப்பல் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது மிச்சம்! இது மேனேஜ்மென்ட்டா, மெக்கானிக்கலா? இரண்டும்தான்.

மூன்றாவது பேக்கிங். வெளிநாட்டுக்குப் போகும் மரப்பெட்டியின் கட்டை, மையப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டிருக்க வேண்டும். மரத்தின் வழியாகப் பூச்சிகள் நாடு விட்டு நாடு போகக் கூடாது என்பதற்கான உலக விதி அது. அங்கீகாரம் பெற்றவர்கள் செய்து, கோதுமைக் கதிர் போட்ட முத்திரை குத்தித் தருவார்கள். பிளைவுட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையிலிருந்து முத்திரை இல்லாத பெட்டியில் சிலை போய், அந்த ஊர்த் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. சிலையில் ஒரு கீறல் இல்லை. குற்றம் பலகையில்! பல மாதம் உளி பிடித்த கையின் உழைப்பு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அளவு சமாச்சாரத்தால் கப்பல் துறையில் காத்துக் கிடந்தது.

நான்காவது விலை. விலை சொல்லும்போதே ‘எங்கே வரைக்கும்’ என்று சொல்ல வேண்டும். எஃப்.ஓ.பி. சென்னை என்றால், சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையது. சி.ஐ.எஃப். என்றால் அவர்கள் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் நாம் கட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சி.ஐ.எஃப். விதி விற்கிறவரிடம் கேட்பது குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ்தான். கப்பல் தீப்பிடித்தால், தரைதட்டினால் அது பணம் தரும். தூக்கி இறக்கும்போது பிள்ளையாரின் தும்பிக்கை உடைந்தால் தராது! அதற்கு எல்லா ஆபத்தையும் சேர்க்கும் பெரிய பாலிசி எடுக்க வேண்டும். அதை எடுத்தாலும், பேக்கிங் சரியில்லாமல் உடைந்தது என்றால் கையை விரித்துவிடுவார்கள். மறுபடியும் பெட்டியில்தான் வந்து நிற்கிறோம், பார்த்தீர்களா?

ஐந்தாவது பணம். முகம் தெரியாதவரை நம்பி எப்படிச் சிலையை அனுப்புவது? அவர்தான் நம்மை நம்பி எப்படி முன்பணம் அனுப்புவார்? கல்யாணப் பேச்சில் இரு வீட்டாருக்கும் பொதுவாக ஒரு பெரியவர் நிற்பார் இல்லையா, அதுபோல நடுவில் பேங்க் நிற்கிறது. “கப்பலேற்றிய காகிதத்தைக் காட்டு, பணம் நான் தருகிறேன்” என்று வாங்குகிறவரின் பேங்க் கொடுக்கும் வாக்குறுதிதான் எல்.சி. ஆனால் இந்தப் பெரியவர் சிலையைப் பார்க்க மாட்டார், காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார். எல்.சி.யில் ‘கணேசா’ என்று இருந்து, நம் இன்வாய்ஸில் பக்தியோடு ‘விநாயகர்’ என்று எழுதினால் போச்சு, ‘பொருந்தவில்லை’ என்று திருப்பிவிடலாம். நமக்குப் பிள்ளையார் ஒருத்தர்தான், பேங்குக்கு இரண்டு பேர்! எல்.சி.யில் வேறு விதமாகச் சொல்லாதிருந்தால், கப்பலேறிய 21 நாளுக்குள் காகிதங்களைக் காட்டியாக வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங், இது எங்கள் நாட்டுச் சரக்கு என்னும் சான்று எல்லாவற்றிலும் பெயர், எடை, எண்ணிக்கை ஒன்றுக்கொன்று இடிக்காமல் இருக்க வேண்டும். லேப் ரெக்கார்டில் ரீடிங் மாறினால் சார் ரிப்பீட் போடச் சொல்வார். இங்கே ரீடிங் மாறினால் பணம் நிற்கும்.

டாலர் விலையும் ஒரே இடத்தில் நிற்காது. 3,000 டாலருக்கு ஒப்புக்கொண்ட ஆர்டரில், பணம் வரும் நாளில் டாலர் இரண்டு ரூபாய் இறங்கியிருந்தால் 6,000 ரூபாய் காணாமல் போகும். சின்னப் பட்டறைக்கு அது ஒரு உதவியாளரின் பல நாள் கூலி. இன்றைய விலையிலேயே முன்கூட்டி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள பேங்கில் வழி இருக்கிறது. வாங்குகிறவர் பணம் தராமல் போனால் ஈடுகட்ட 1957-லேயே மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதிக் கடன் காப்புறுதி நிறுவனம் இருக்கிறது. வழிகள் எல்லாம் இருக்கின்றன. வழி கேட்கத் தெரிந்த ஆள்தான் பட்டறையில் இல்லை.

ஆறாவது கஸ்டம்ஸ். நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1972-ன் தொல்பொருள் சட்டம் அப்படி. ஆகவே புதுச் சிலைதான் என்பதற்குத் தொல்லியல் துறையின் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவுபோய், பொய்க் காகிதங்களோடு 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். விலை 50 லட்சம் டாலர். 2014-ல்தான் திரும்பி வந்தார். காகிதத் திறமை எந்தப் பக்கமும் வெட்டும் கத்தி. “பழசு மாதிரி பண்ணிக் குடுங்க, பழசுன்னே எழுதிடலாம்” என்று ஒரு பார்ட்டி கேட்டால், எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் “முடியாது” என்று சொல்வதும் மேனேஜரின் செய்முறைத் திறமைதான். எந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்வது என்று தெரியாதவர் மேனேஜர் இல்லை, புரோக்கர்.

நம்ம ஆட்கள் சொல்லும் மூன்று சாக்கு

“இங்கிலீஷ் வராதே!” என்பது முதல் சாக்கு. மேலே சொன்ன ஆறு கட்டத்திலும் எங்கே கவிதை எழுத வேண்டியிருந்தது? ஏற்றுமதிக் கடிதத்துக்குத் தேவையான வார்த்தைகள் கொஞ்சம்தான். மெஷின் டிராயிங் பாடத்தில் நாம் மனப்பாடம் பண்ணிய வார்த்தைகளைவிடக் குறைவு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து மூன்று வருஷம் இந்தப் பாடங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது ஒரு மலையா? அதுவும் போக, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் கோயில் கட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் தமிழிலேயே பேசுவார்கள்.

“முதல் இல்லையே!” என்பது இரண்டாவது. ஏற்றுமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. எண்ணுக்கு ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம், பான் எண்ணே அந்த எண்ணாக வரும். எடுத்த எடுப்பில் கன்டெய்னர் அனுப்பச் சொல்லவில்லை. மாக்கல்லில் செய்த உள்ளங்கை அளவு யானை ஒன்றைத் தபாலிலேயே வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாம். அஞ்சல் துறை அதற்கென்றே ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற மையங்களை நடத்துகிறது. முதல் இல்லாதவர் பிறருடைய ஏற்றுமதிக்கு வேலை பார்த்தும் தொடங்கலாம். துபாஷிகளும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

மூன்றாவதுதான் கொஞ்சம் கனமான கேள்வி. “இதெல்லாம் கிளார்க் வேலை தானே, இதில் மேனேஜர் எங்கே வந்தான்?” என்று என் நண்பர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. ஃபார்ம் நிரப்புவது கிளார்க் வேலைதான். ஆனால் எஃப்.ஓ.பி.யா சி.ஐ.எஃப்.பா, எல்.சி. கேட்பதா அல்லது பழகிய பார்ட்டி என்று விட்டுவிடுவதா, பெரிய பாலிசிக்குக் காசு செலவழிப்பதா பெட்டியில் செலவழிப்பதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவை எடுக்கிறவர்தான் மேனேஜர். ஃபார்மை ஒரு தடவையாவது தன் கையால் நிரப்பாதவர் அந்த முடிவை எடுத்தால் எப்படியிருக்கும்? உளி பிடிக்காத ஸ்தபதி உண்டா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

ஏன் இப்போதே?

“கேம்பஸில் கம்பெனி வேலை கிடைக்கும்போது இந்தத் தலைவலி எதுக்கு?” என்பீர்கள். கம்பெனி வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டும். ஆனால் மறைமலை நகரை நினைத்துப் பாருங்கள். ஃபோர்டு கம்பெனி அங்கே வந்தபோது நம் மாவட்டமே தலை நிமிர்ந்தது. நம் சீனியர்கள் எத்தனை பேர் அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்! 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. 2022 ஜூலையோடு மறைமலை நகரில் கார் உற்பத்தி நின்றது. பிறகு 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்த விரும்புவதாக அரசுக்குக் கடிதம் கொடுத்தது.

மூடும் முடிவும் திறக்கும் விருப்பமும் எங்கிருந்து வந்தன? கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் அமெரிக்காவிலிருந்து. கார் செய்த கைகளில் குறை எதுவும் இல்லை. எந்த நாட்டில் எதை விற்பது, எந்த நாணயத்தில் லாபம், எந்த ஒப்பந்தம் யாருக்குச் சாதகம் என்று பேசுகிற மேஜையில் அந்தக் கைகளுக்கு இடமில்லை, அவ்வளவுதான். மெஷினை ஓட்டத் தெரிந்தவருக்கு அது எதற்காக ஓடுகிறது, எதனால் நிற்கும் என்றும் தெரிய வேண்டாமா? தெரிந்திருந்தால் ஆலை மூடாமல் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூடிய மறுநாள் காலையில் கையில் இன்னொரு தொழில் இருக்கும்.

பேரவைக்கு ஐந்து யோசனை

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆகவே நம் மாணவர் பேரவை அடுத்த செமஸ்டரிலேயே செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: ஒரு உண்மையான ஏற்றுமதி. பேரவை நிதியிலிருந்து ஒரு சின்ன மாக்கல் சிற்பத்தை வாங்கி, வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவருக்கு முறைப்படி விற்று, தபால் ஏற்றுமதி வழியாக அனுப்புவோம். ஐ.இ.சி. எண் உள்ள பட்டறை ஒன்றின் பெயரில் இதைச் செய்யலாம். பணம் டாலராக வந்து ரூபாயாக மாறும் வரை ஒவ்வொரு காகிதத்தையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். நூறு லெக்சரைவிட இந்த ஒரு பார்சல் நமக்கு அதிகம் சொல்லித் தரும்.

இரண்டு: இன்பிளான்ட் டிரெயினிங் என்றால் எல்லோரும் ஒரே ஆலை வாசலில் போய் நிற்கிறோம். சென்னையில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களும் கன்டெய்னர் யார்டுகளும் இருக்கின்றன. வகுப்புக்கு நாலு பேராவது அங்கே போக ஏற்பாடு வேண்டும்.

மூன்று: பெட்டி டிசைன் போட்டி. சிலையின் அளவைக் கொடுத்துவிடுவோம். குறைந்த கன அளவில், கீழே போட்டாலும் சிலை உடையாத பெட்டியை யார் செய்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இதில் வெளுத்து வாங்குவார்கள். வென்ற டிசைனைப் பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுப்போம்.

நான்கு: சனிக்கிழமை கடிதப் பட்டறை. மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ் படிக்கும் தோழியருக்குத் தட்டச்சும் கடித நடையும் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களும் நாமும் சேர்ந்து உட்கார்ந்து, சிற்பிகளுக்கு வரும் வெளிநாட்டுக் கடிதங்களுக்கும் ஈமெயில்களுக்கும் பதில் எழுதித் தருவோம். அவர்களுக்கு உதவி, நமக்குப் பயிற்சி.

ஐந்து: ஆனந்தரங்கப் பிள்ளை வழியில் ஒரு பொது நாட்குறிப்பு. டாலர் விலை, கப்பல் கட்டணம், எந்தப் பார்ட்டி என்ன கேட்டது, எந்தக் காகிதம் ஏன் திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைப்போம். நாம் பாஸாகிப் போன பிறகும் ஜூனியர்களுக்கு அது பாடமாக நிற்கும்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. முதல்வர் ஐயாவின் அனுமதியும், ஒரு ஆசிரியரின் வழிகாட்டுதலும், சனிக்கிழமை மத்தியானம் கிரிக்கெட்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சமும் இருந்தால் போதும். ஐந்தும் முடியாது என்றால் முதல் ஒன்றை மட்டுமாவது செய்வோம். ஏனென்றால் அந்த ஒரு பார்சலுக்குள் மற்ற நான்கும் தாமாக வந்துவிடும். அதை அடைக்கப் பெட்டி வேண்டும், விற்கக் கடிதம் வேண்டும், அனுப்ப ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும், நடந்ததையெல்லாம் எழுதியும் வைக்க வேண்டும்.

மாமல்லபுரம் பட்டறைகளில் உளிச் சத்தம் ஓயவில்லை. அந்தச் சத்தம் எந்த ஊருக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று அந்தச் சிற்பிக்குச் சொல்ல நம் மாவட்டத்துப் பிள்ளைகளைவிட யாருக்கு உரிமை இருக்கிறது? அடுத்த ஆண்டு மலரில் இதே பக்கத்தில் இன்னொரு கட்டுரை வர வேண்டாம். ஒரு ஷிப்பிங் பில்லின் நகல் வரட்டும். கையெழுத்துப் போடும் இடத்தில் நம் வகுப்புப் பெயர் ஒன்று இருக்கட்டும்.